என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கார்

எங்களிடம் ஒரு கார் இருக்கிறது என்பதைக் கடம்பத்தூர் இ-சேவை மையத்தின் வரிசையில் நின்றுதான் நான் தெரிந்துகொண்டேன். பெண்களுக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகைக்கு நான் எழுதிப் போட்டது இரண்டாம் முறையாகத் தள்ளுபடி ஆகியிருந்தது. ஏன் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"உங்க ஊட்ல காரு இருக்குதாம்க்கா. அதான் தள்ளிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான்கு சக்கரம் உள்ள பொருள் என்றால் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற தட்டுதான். அதிலும் ஒரு சக்கரம் சுற்றாது. வேறு யாருடையதாவது மாறி வந்திருக்கும், நன்றாகப் பார் என்றேன். அவள் பார்த்தாள். என் வீட்டுக்காரர் பெயர், அவருடைய அப்பா பெயர், புதுவாயல் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த தெரு, எல்லாம் சரியாக இருந்தது. வண்டி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வாங்கி இருபது வருடம் இருக்கும் என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு வண்டிக்கு ஆயுளே முடிந்துபோயிருக்குமே என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் முடியவில்லையே அக்கா என்றாள்.

மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் அவகாசம் உண்டாம். அதற்குள் அந்த வண்டி ஓடவில்லை, பயனில் இல்லை என்று போட்டோவுடன் காட்டி, போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவத்தை அப்போதே நிரப்ப ஆரம்பித்தாள். வயது கேட்டாள், சொன்னேன். வேலை கேட்டாள், இப்போது இல்லை என்றேன். எத்தனை பிள்ளைகள் என்றாள். ஒன்று, பெண், கட்டிக் கொடுத்தாயிற்று என்றேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வது.

அந்தத் தொகையில் மாடி வீடு கட்டப்போவதில்லை. ஆனால் சிப்காட்டில் பதினாறு வருடம் பேக்கிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்து, நின்றது போதும் என்று வீட்டுக்கு வந்தவள் நான். சர்க்கரை மாத்திரைக்கும் கால்வலித் தைலத்துக்கும் யார் கையையும் பார்க்காமல் எனக்கென்று ஒன்று வந்தால் போதும் என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வருகிறது. எதிர்வீட்டில் ஏசி ஓடுகிறது, அவளுக்கும் வருகிறது. எனக்கு மட்டும் கார் இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை, பகல் ஷிப்ட். நான் சீட்டில் இருந்த எண்ணைப் படித்தேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கிரே கலரு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கார் இருக்கிற இடத்தில் வேறு ஒரு வீடும் இருக்குமோ என்று என் புத்தி போயிற்று. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று அந்த ஒரு நிமிஷத்தில் அவள் யார், எந்த ஊர், சிவப்பா கறுப்பா என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

விஷயம் வேறு. கல்யாணமான புதிதில் இருந்தே அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன வார்ப்புத் தொழிற்சாலையின் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் புது வண்டி எடுக்க ஆசை. ஜோசியரிடம் போயிருக்கிறார். உங்களுக்கு ஏழரைச் சனி உச்சத்தில் இருக்கிறது, இரும்பு சம்பந்தமாக எதையும் உங்கள் பெயரில் வாங்காதீர்கள், வேண்டுமானால் ராசி நன்றாக இருக்கிற வேறு ஆள் பெயரில் எடுங்கள் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். வீட்டம்மா பெயரில் எடுக்கலாம் என்றால் அவருக்கும் அஷ்டமத்தில் சனி. கடைசியில் கம்பெனியில் இருந்த மூன்று டிரைவர்களையும் ஜாதகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேலைக்குச் சேரும்போது லைசென்ஸைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லையாம். மூன்றில் என் வீட்டுக்காரர் ஜாதகம் முதல் மார்க் வாங்கியது. குரு பார்வை இருந்ததாம். எண்களைக் கூட்டினால் ஒன்பது வருகிற நம்பரைத் தேடிப் பிடித்து, இவர் பெயரில் வண்டி வந்தது.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. புது வேட்டி, சட்டை, அரைக் கிலோ இனிப்புப் பெட்டியுடன் வந்தார். முதலாளி புது வண்டி எடுத்திருக்கிறார் என்றார். யார் பெயரில் என்று நான் ஏன் கேட்கப்போகிறேன்? எனக்கு அப்போது நாலு மாசம். மசக்கை விட்டு வாய்க்கு ருசி திரும்பியிருந்த நேரம், பாதிப் பெட்டியை நானே காலி செய்தேன்.

"என்கிட்ட ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன். பேருதானே என்றார். வண்டி எங்கே என்றேன். கம்பெனி மூடியபோது கார் ஷெட்டில் விட்டுப் பூட்டினார்கள், முதலாளி செத்துப் பத்து வருடம் ஆகிறது, அங்கேயே கிடக்கும் என்றார். சரி, வா போய்ப் போட்டோ எடுத்து வரலாம் என்றேன். அவர் எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நாலு நாள் கெஞ்சினேன், அடுத்த நாலு நாள் திட்டினேன். லீவு கிடைக்காது என்றார். வயிறு சரியில்லை என்றார். அந்த இடத்தை யாரோ வாங்கிவிட்டார்கள், உள்ளே விடமாட்டார்கள் என்றார். அப்புறம் அந்த உதவித்தொகையே வேண்டாம், நான் தருகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காரியத்துக்கும் முன்னால் நிற்காத மனுஷன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கார் ஓட்டத் தெரிந்த ஆள் கேட் திறந்து விடுகிற வேலைக்குப் போன கதையையும் இழுத்தேன். கம்பெனி மூடிய பிறகு எத்தனையோ பேர் ஓட்டக் கூப்பிட்டார்கள். ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். சோம்பேறித்தனம் என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கடைசியில் நான் தனியாகவே போகிறேன் என்று பையைத் தூக்கியபோதுதான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கடம்பத்தூரில் ரயில், திருவள்ளூரில் இறங்கி ஒரு பஸ், பெரியபாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஆரணி தாண்டும் வரைக்கும் உட்கார இடமில்லை. புதுவாயலில் இறங்கும்போது என் முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. நாங்கள் குடியிருந்த தெரு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் செல்போன் கடை, பிரியாணிக் கடை, வடநாட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற வரிசை அறைகள். பழைய இடத்தைப் பார்க்கிற சந்தோஷம் ஒன்றும் எனக்கு வரவில்லை. அந்தத் தெருவில் நான் பட்டது போதும்.

ஷேர் ஆட்டோ எங்களைத் தொழிற்சாலை கேட்டில் இறக்கிவிட்டது. கேட்டில் இருந்த காவல்காரர் ஆந்திர எல்லைப் பக்கத்துப் பெரியவர். இரண்டு வாட்ச்மேன்கள் சந்தித்தால் பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓனரே நீதானா நைனா? இம்மா நாளா எங்க போயிருந்த? அடுத்த மாசம் எல்லாத்தையும் இடிக்கப் போறாங்க."

வெட்டுக்கத்தி ஒன்றையும் கொடுத்து, பாம்பு இருக்கும், தரையைத் தட்டிக்கொண்டே போங்கள் என்றார்.

கார் ஷெட் பின்பக்கம் இருந்தது. அதை ஷெட் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சீமைக்கருவேலம் சுவரோடு சுவராக வளர்ந்திருந்தது. அதன் மேல் கோவைக்கொடி படர்ந்து கூரை வரைக்கும் மூடியிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கத்தியால் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டினார். முள் கையில் கிழித்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தகரக் கதவு துருப்பிடித்துக் கீழ்ப்பக்கம் உதிர்ந்திருந்தது. அதைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். அவர் வரவில்லை.

மூன்று வண்டிகள் நின்றன. வாசல் பக்கம் ஒரு வெள்ளை அம்பாசிடர், அதன் பானெட்டைப் பிளந்துகொண்டு ஒரு வேப்பங்கன்று மேலே போயிருந்தது. நடுவில் ஆட்களை ஏற்றிப் போகிற வேன், கண்ணாடி ஒன்றுகூட இல்லை, சீட்டுகளில் கரையான் புற்று. கடைசியில் சுவரோரமாக இருந்தது சாம்பல் நிற வண்டி. நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. கூரை ஓட்டை வழியாக இத்தனை வருட மழையும் அதன் தலையில்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் முன் பம்பரில் கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

நம்பர் பிளேட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். துண்டுச் சீட்டில் இருந்த எண்தான். இதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று அலுப்பாக இருந்தது. இதைத்தான் கம்ப்யூட்டர் எங்கள் சொத்து என்கிறது. விற்றால் கிலோ கணக்கில்கூட யாரும் சண்டை போட்டு வாங்கமாட்டார்கள்.

போட்டோவில் உரிமையாளரும் இருந்தால் நல்லது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவரைக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். நீயே எடுத்துக்கினு வா என்றார். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். முகம் வெளிறி, கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பாம்பைப் பார்த்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

"அந்த வண்டிகிட்ட நான் வரமாட்டேன்மே."

ஏன் என்றேன். கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜோசியரு இன்னா சொன்னாரு? அவுரு பேர்ல எடுத்தா சனி அவுரு தலைல உக்காந்துக்கும், வேற ஆள் பேர்ல எடுங்கன்னாரு. நான் சிரிச்சிக்கினே கையெழுத்துப் போட்டுக் குட்த்தேன். மூணாவது மாசம் நம்ம புள்ள பூட்ச்சி. அவுரு சனிய நான் வாங்கிக்கினு ஊட்டுக்கு வந்துட்டேன்மே."

நான் அப்படியே அம்பாசிடரின் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு இரண்டாவது குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. ஆஸ்பத்திரியில் இருந்து அவர்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே புதைத்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. அந்த மாதம் நான் சிப்காட் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தேன். வேண்டாம், போகாதே என்று அவர் சொல்லச் சொல்லப் போனேன். பெட்டி தூக்க ஆள் குறைவு என்று நானும் சேர்ந்து தூக்கினேன். அதனால்தான் குழந்தை போயிற்று என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டாததும், முகம் பார்த்துப் பேசாததும் அதை உறுதி செய்துவிட்டது. மனசுக்குள் திட்டுகிறார், வாயால் சொல்ல மனசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருடம் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அந்த டயர் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பு என் பெயரில். மொபெட் என் பெயரில். அவர் வைத்திருக்கிற போனின் சிம் கார்டுகூட என் பெயரில்தான். எந்தத் தாளை நீட்டினாலும் நீயே போடு என்பார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் என் பெயரில்தான் வாங்குவார் என்று தெருவில் பெருமை பேசியிருக்கிறேன். பெருமையில் ஒன்றும் இல்லை. அந்த மனுஷன் தன் பெயரைப் பார்த்தே பயந்துபோயிருக்கிறார்.

கோபம்தான் முதலில் வந்தது. அந்த முதலாளி மேல், ஜோசியர் மேல், இந்த வாய் திறக்காத மனுஷன் மேல், என் மேல். அழுகை அப்புறம்தான் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, நான் பெட்டி தூக்கின கதையைச் சொன்னேன்.

"நீ என்னத்தான் குத்தம் சொல்றேன்னு நெனச்சிக்கினு கீறேன்யா, இத்தினி வருசமா."

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். உன்னை எதுக்குச் சொல்லப்போறேன் என்றார். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. என்னைக் குற்றம் சொல்லலாம் என்பதே அவர் நினைப்பில் வந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

வேனுக்குள் ஒரு அணில் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒன்று தோன்றியது, கேட்டேன்.

"சனி உன்கிட்ட வந்துட்ச்சின்னா, அவுரு கம்பெனி எதுக்குயா மூட்னாரு?"

முதலாளி வண்டி வாங்கிய இரண்டாம் வருடமே கடனில் மூழ்கினார், உடம்பு முடியாமல் படுத்தார், கம்பெனியைப் பூட்டினார். இவருக்குத் தெரியாததா? தானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டவர். ஆனால் இதையும் அதையும் சேர்த்து வைத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வாசலில் நின்று அந்தச் சாம்பல் நிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கத்தியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

வண்டி பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்கதவுக்குப் பக்கத்தில், முதலாளி இறங்கக் காத்திருக்கிற டிரைவர் மாதிரி. முன்னால் வந்து நில்லு, உன் வண்டிதானே என்றேன். முன்னால் வந்தார். நான்கு போட்டோ எடுத்தேன், அந்த இருட்டில் இரண்டுதான் தேறியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல்தான். போக்குவரத்து அலுவலகத்தில் இந்த ஜன்னல் இல்லை அந்த ஜன்னல் என்றார்கள், மதியம் வா என்றார்கள், சாப்பாட்டு நேரம் என்றார்கள். ஒருவர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போக இரண்டு வாரம் ஆயிற்று. பதிவை நீக்கச் சொல்லும் மனுவில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கம்போல நீயே போடு என்பார் என்று பேனாவை நான் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கேட்டு வாங்கிப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது நீக்கியதற்கான தாள் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே மேல்முறையீட்டோடு சேர்த்துப் பதிவேற்றினோம்.

போன வாரம் விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். வெயிலில் பத்து வீடு ஏறி இறங்கியவர் போல இருந்தார், என்னைவிட அலுத்துப்போயிருந்தார். கார் தாளைப் பார்த்தார், பெயர்ந்த தரையைப் பார்த்தார், மொபெட்டைப் பார்த்தார். சரியாகிவிடும், அடுத்த மாதத்தில் இருந்து வரும் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசியாக ஒரு பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் எத்தனை என்று தலை நிமிராமல் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் நின்றிருந்த அவர் சொன்னார்.

"ரெண்டு மேடம். ரெண்டாவது தவறிட்ச்சி."

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தினார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருக்கிறவர்களை மட்டும்தான் இதில் எழுத முடியும் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ஒன்று என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர நான் உள்ளே போனேன். சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்ட பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வர முடியவில்லை.